இரண்டாவது வரி

1

நான் ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடம் முடிந்த அன்று, முதியோர் இல்லத்தின் உடை மாற்றும் அறையில் வேலைச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, என் முதல் கவிதைத் தொகுப்பின் புரூஃப் சென்னையிலிருந்து வந்தது. மின்னஞ்சலில் பதிப்பக ஆசிரியர் இரண்டு வரிதான் எழுதியிருந்தார். "அட்டையும் இணைத்திருக்கிறேன். பத்து நாளில் திருத்திக் கொடுத்துவிடுங்கள், மஞ்சுளா." அட்டையைத் திறந்தேன். மஞ்சள் பின்னணியில் பெரிய எழுத்தில் 'ஊட்ல ஒரு மாம்பழம் இல்ல' என்று தலைப்பு. அதன் கீழே என் பெயர்.

பதினெட்டு வயதிலிருந்து நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். தமிழ் எழுத்தில், ஒரு புத்தகத்தின் மேல், என் பெயர். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அட்டையை உடனே மூடிவிட்டேன். ஏனென்றால் அந்தத் தலைப்பு நான் எழுதிய வரி இல்லை. என் சிநேகிதி கல்பனா எழுதியது. உலகத்தில் இது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுது என்று ஊரில் கேட்கிறார்கள். பனி எப்படி இருக்கும், ரயில் நேரத்துக்கு வருமா, சோறு கிடைக்குமா என்றெல்லாம். பனி பிசுபிசுக்கும், ரயில் தாமதமாக வரும், சோறு நாமே வடித்தால் உண்டு. அது முடிந்தது. இனி இந்தத் திருட்டைச் சொல்கிறேன்.

2

கல்பனாவும் நானும் ஆந்திர எல்லையில் குடிபாலா பக்கம் ஒரே ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. எங்கள் பக்கத்தில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. ரேஷன் கார்டு தெலுங்கு, கரண்ட் பில் தெலுங்கு, கல்யாணப் பத்திரிகைகூடத் தெலுங்கு. சண்டை மட்டும் தமிழ். அந்தத் தமிழுக்கு என்று தனியாக எழுத்து இருக்கிறது என்பதே வேலூர் பஸ்ஸின் போர்டைப் பார்க்கும்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வரும்.

சித்தூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது தெலுங்கு டீச்சர் ஆண்டு விழாவுக்குக் கவிதை எழுதி வரச் சொன்னார். இரண்டு பேரும் எழுதினோம், தெலுங்கில். ஆளுக்கு ஒரு பென்சில் டப்பா பரிசு கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் கல்பனா அந்த டப்பாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் சொன்னாள்.

"இன்னாடி இது, நம்ம பேசற மாரியே இல்ல. எங்கம்மாவுக்குப் படிச்சிக் காட்னா, 'யாரு வூட்டுப் பொண்ணு எழுதிச்சி'ன்னு கேக்கும்."

"தமிழ்ல எழுதத் தெரியாதேடி."

"எழுத்து தெலுங்குல இருந்துட்டுப் போவுது. பேச்சு நம்மளுதா இருக்கட்டும். யாரு வந்து கேக்கப் போறாங்க?"

அப்படித்தான் தொடங்கியது. ஒரு நீளமான நோட்டு வாங்கினோம். தெலுங்கு எழுத்தில் தமிழ் எழுதினோம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு எழுத்து தெரியாது, தெலுங்குக்காரர்களுக்கு அர்த்தம் புரியாது. அந்த நோட்டைப் பஸ்ஸில் விரித்து வைத்தாலும் பக்கத்து சீட்டில் இருப்பவர் தலையைச் சொறிவார். எங்களுக்கு அதில் ஒரே குஷி.

ஒரு விதியும் வைத்துக்கொண்டோம். ஒரு வரி நான், அடுத்த வரி அவள். எழுதியதை அடிக்கக் கூடாது, பெயர் போடக் கூடாது. நான் எழுதி அவள் மடியில் வைத்தால், இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் அவள் எழுதிவிட வேண்டும். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருப்பாள். எழுத மாட்டாளோ என்று நினைப்பேன். பிறகு டக்கென்று எழுதி நோட்டைத் தள்ளுவாள். அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் நான் அடுத்த நாள் முழுக்க முதல் வரியை யோசித்துக்கொண்டிருப்பேன்.

மாம்பழ சீசனில் எங்கள் இரண்டு பேர் அம்மாக்களும் ஜூஸ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போவார்கள். தோத்தாபுரிப் பழம் ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டில் வரிசையாக நிற்கும். கூழுக்காகப் பழத்தை அறுத்து அறுத்து, மாம்பால் பட்டு, அம்மாவின் விரலிடுக்கெல்லாம் கன்றிப்போயிருக்கும். திரும்பும்போது கேட்டில் பையைத் திறந்து பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஒருநாள் பஸ்ஸில் நான் எழுதினேன், "அம்மா கையெல்லாம் மாம்பழ வாசனை". எழுதிவிட்டு எனக்கே பெருமை. கல்பனா மூன்றாவது ஸ்டாப் வரைக்கும் நோட்டைத் தொடவில்லை. அப்புறம் எழுதினாள்.

அம்மா கையெல்லாம் மாம்பழ வாசனை
ஊட்ல ஒரு மாம்பழம் இல்ல
கைய மோந்துக்கினே
சோறு துன்னோம்

மூன்றாவது வரி நான், நாலாவது அவள். என் இரண்டு வரியையும் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அவளுடைய இரண்டாவது வரிதான் கவிதை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். பொறாமையில் அன்று அவளோடு பேசாமல் இறங்கிப் போனேன்.

3

பன்னிரண்டு முடித்ததும் எனக்குத் திருப்பதியில் நர்சிங் சீட் கிடைத்தது. கல்பனாவுக்குப் பத்தொன்பதில் கல்யாணம் முடித்து நகரி என்ற ஊருக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டில் பவர்லூம். கல்யாணத்துக்கு முந்தின நாள் நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள்.

"நீ வெச்சிக்க. அந்த வூட்ல இத எங்க வெப்பேன்? யாராவது எடுத்துப் பாத்து, இன்னா பாஷை இதுன்னு கேட்டா இன்னா சொல்றது?"

திருப்பதியில்தான் நான் தமிழ் எழுத்து படித்தேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த ஊரில் எந்தப் போர்டைப் பார்த்தாலும் தெலுங்கிலும் இருக்கும், கீழே தமிழிலும் இருக்கும். மேலே இருப்பதைப் படித்து, கீழே இருப்பதோடு பொருத்திக்கொண்டே வருவேன். நான் தமிழில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் வாக்கியம் 'காலணிகளை இங்கே விடவும்'. இரண்டாவது, 'வரிசையில் செல்லவும்'. மற்ற கவிஞர்களுக்கு எது எது உந்துதலோ, எனக்கு ஏழுமலையானைப் பார்க்க வருகிறவர்களுக்கு மாட்டி வைத்த போர்டுகள். ஆறு மாதத்தில் பஸ் ஸ்டாண்டில் விற்கும் வாரப் பத்திரிகையைப் படிக்க வந்துவிட்டது.

ஹாஸ்டலில் என் அறைத்தோழி கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பெண். பாசுரம் மனப்பாடமாகச் சொல்வாள். நான் "துன்னியா?" என்று கேட்டபோது சிரித்துவிட்டாள். "நீ பேசறது என்ன தமிழ்டி?" என்றாள். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனாலும் நான் அன்றிலிருந்து அவளிடம் தெலுங்கிலேயே பேசினேன். புத்தகம் போட வேண்டும், தமிழ்க்காரர்கள் அத்தனை பேரும் அதை வாங்கிப் படிக்க வேண்டும் என்ற வெறி அந்தச் சிரிப்பிலிருந்து வந்ததுதான்.

4

ஜெர்மனியில் என் சான்றிதழ்களுக்கு அங்கீகாரம் வாங்க ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மையார் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறந்தது ஆந்திரா. பள்ளிப் படிப்பு தெலுங்கு. தாய்மொழி என்ற இடத்தில் தமிழ். "இவை ஒத்துப்போகவில்லையே" என்றார். ஒத்துத்தான் போகிறது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். ஜெர்மன் மொழியில் நான் எழுதிய முதல் உரைநடை அதுதான். அதற்கு முத்திரை குத்தினார்கள். என் கவிதைக்கு அதுவரை யாரும் எதுவும் குத்தியதில்லை.

வேலை பிடித்திருக்கிறது. வயதானவர்களைக் குளிப்பாட்டுவதும், மாத்திரை கொடுப்பதும், நடக்க வைப்பதும் எனக்கு வரும். வேலை முடிந்து அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லி மாவுக்கு மிக்ஸி போட்டேன். அடுத்த நாள் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஞாயிறு ஓய்வு நாள், இயந்திரச் சத்தம் கூடாது, அன்புடன், மேல்வீடு. மூன்று வருடத்தில் அந்தக் கட்டிடத்தில் எனக்கு வந்த ஒரே கடிதம். கிழிக்க மனம் வராமல் டிராயரில் போட்டு வைத்தேன்.

பக்கத்து ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. தீபாவளிக்குக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய பெண் குழந்தையிடம் தமிழில் பெயர் கேட்டேன். அது அம்மாவைப் பார்த்து ஜெர்மனில், "இவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டது. அந்த அம்மா முகம் சிவந்துபோனது. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். சித்தூரில் என் சொந்தத் தம்பியே எனக்குத் தெலுங்கைத்தான் ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறான். "அக்கா பாகுன்னாவா", நல்லா இருக்கியா, என்பதோடு சரி. நானும் பெருவிரல் படத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த முதல் குளிர்காலத்தில்தான் நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் தமிழ் எழுத்துக்கு மாற்றினேன். முப்பத்தொரு கவிதை. தெலுங்கு எழுத்தில் இருந்தவரை எந்த வரி யாருடையது என்று கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். கம்ப்யூட்டரில் தட்டிய பிறகு எல்லாம் ஒரே ஆள் எழுதியதாகிவிட்டது. அது எனக்கு வசதியாக இருந்தது. வேண்டுமென்றே செய்தேனா என்றால், தொடங்கும்போது இல்லை. முடிக்கும்போது ஆமாம்.

மாம்பழக் கவிதையை ஒரு இணைய இதழுக்கு அனுப்பினேன். போட்டார்கள். பலர் பகிர்ந்தார்கள். இதழ்க்காரர் ஒரு சின்னப் பேட்டி கேட்டார். "அந்த இரண்டாவது வரி எப்படி வந்தது?" என்றார். அம்மா குழாயடியில் கை கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தானாக வந்தது என்றேன். எங்கள் வீட்டில் அப்போது குழாயே கிடையாது. அந்தப் பேட்டியைப் படித்துவிட்டுத்தான் சென்னைப் பதிப்பகத்தார் தொகுப்பு கேட்டார்கள். நோட்டுக் கவிதைகளோடு இங்கே வந்து எழுதிய பன்னிரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன்.

5

பத்து நாளில் எட்டு நாள் ஓட்டினேன். ஒற்றுப்பிழை பார்த்தேன். பின்னட்டைக்கு நல்ல புகைப்படம் தேடினேன். கல்பனாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அவள் எங்கே படிக்கப் போகிறாள் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஞாபகத்துக்கு வந்தது. ஒன்பதாவது நாள் ஞாயிறு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு போன் போட்டேன். நகரியில் அப்போது சாயங்காலம். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"இன்னாடி அதிசயம்? பொறந்த நாளுக்கே மெசேஜ் போட்டு முடிச்சிடுவ. இரு, மாடிக்குப் போறேன், இங்க ஒன்னும் கேக்காது."

படி ஏறும் சத்தம். மூச்சு வாங்கியது. மகளுக்கு ஆறு வயது முடிந்தது, பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறோம் என்றாள். நான் இங்கே குளிர் என்றேன்.

"புஸ்தகம் வருதுடி" என்றேன்.

"தெரியும். உங்க தம்பி அட்டைய ஸ்டேட்டஸ் வெச்சினு இருந்தான்."

"அதுல அந்த மாம்பழக் கவிதை இருக்குது."

"ம்."

"அந்த ரெண்டாவது வரி..."

"ம்."

"நீ எழுதனதுதான அது?"

"உனுக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர். இதழில் கவிதை வந்ததை நான் ஸ்டேட்டஸில் வைத்தபோது அவள் போனில் பார்த்து, இதழைத் திறந்து, அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார்.

"கவிதையும் படிச்சாரு, நீ குடுத்த பேட்டியும் படிச்சாரு. உங்கம்மா கொழாய்ல கை கழுவுனாங்க, அப்ப தோணிச்சின்னு சொன்னியே, அதயும் படிச்சாரு. 'இன்னாமா எழுதிக்கிது பாரு உன் ஃப்ரெண்டு'ன்னாரு. நான் தோச ஊத்திக்கினு இருந்தேன். 'ஆமா'ன்னேன்."

"சொல்லியிருக்கலாம் இல்லடி, அவருகிட்ட."

"சொன்னா நம்புவாரு. அப்புறம் உன்னத் திருடின்னுவாரு. அது எனக்குப் புடிக்கல."

மன்னிச்சிடு என்று சொன்னேனா, நினைத்தேனா என்று இப்போது நிச்சயமில்லை. பிறகு, "உன் பேரு போடட்டுமா?" என்று கேட்டேன். ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். வேண்டாம் என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே கேட்டேன். குடும்பப் பெண், எனக்கு எதுக்குடி இதெல்லாம் என்பாள். நானும் கேட்டுவிட்டேன் என்றிருக்கும், புத்தகமும் என்னுடையதாகவே இருக்கும்.

"போடு" என்றாள்.

"எங்கடி போடறது?"

"அட்ட மேல எந்த வரிய போட்டுக்கிறாங்களோ, அதுக்குக் கீழ."

6

ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். நல்ல மனிதர், திட்டவில்லை. இது இளம் கவிஞர்களின் முதல் தொகுப்பு வரிசை, ஒருவர் பெயரில்தான் வரும் என்றார். நன்றிப் பக்கத்தில் அழகாக இரண்டு வரி எழுதிவிடலாமே என்றார். எனக்கும் அது போதும் என்றுதான் ஒரு கணம் இருந்தது. போதாது என்று சொன்னேன். அப்படியானால் வரிசையிலிருந்து எடுத்து, தனியாக, கொஞ்சம் தாமதமாகப் போடலாம், ஆனால் எந்த வரி யாருடையது என்று தெளிவாகக் குறித்துக் கொடுங்கள் என்றார். சரி என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். அவளுக்காக அழவில்லை, எனக்காகத்தான்.

அதன் பிறகு நான்கு ஞாயிறுகள், மத்தியான நேரத்தில், கல்பனாவும் நானும் வரி பிரித்தோம். நோட்டைப் பார்த்து நானே குறித்திருக்கலாம். ஆனால் படிக்கச் சொன்னது அவள். நான் படிப்பேன். அவள் மாடியில் துணி மடித்துக்கொண்டே சொல்வாள். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை.

"'வேலூர் பஸ்ல ஏறுனா தமிழ்க்காரி, எறங்குனா தெலுங்குக்காரி.' இது நீ. இந்த சாமர்த்தியம் எனக்கு வராது."

"அடுத்தது?"

"'டிக்கெட் கேக்கறப்ப மட்டும் ஊமை.' இது நான். கண்டக்டர் நம்மள முறைச்சாரே, அன்னிக்கி."

ஒவ்வொரு கவிதைக்கும் இரண்டு பேரும் சிரித்தோம். மேல்வீட்டுக்காரர் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை என்று இருந்தது. மூன்று வருடத்தில் நான் அவ்வளவு பேசியதில்லை. ஒருமுறை, இப்போதெல்லாம் எழுதுகிறாயா என்று கேட்டேன். "நீ மொத வரி எழுதித் தரலியே" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

நாலாவது ஞாயிறு முப்பத்தொன்றும் முடிந்தது. மீதம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். இங்கே வந்து எழுதின பன்னிரண்டு இருக்கிறது, அது முழுக்க என்னுடையது, பிரிக்க வேண்டியதில்லை என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நிமிர்வாகக்கூட இருந்தது.

"படியேன், கேக்கறேன்."

ஆசிரியருக்கு மிகவும் பிடித்த ஒன்றை எடுத்தேன். 'வெண்பனியின் மௌனத்தில் என் பெயர் உறைகிறது' என்று தொடங்கும். பதினெட்டு வரி. நன்றாக நிறுத்தி நிறுத்திப் படித்தேன். முடித்த பிறகு அந்தப் பக்கம் அவள் துணியை உதறி மடிக்கும் சத்தம் கேட்டது.

"நல்லா இல்லியா?" என்றேன்.

"நல்லாத்தான் கீது. யாருக்குடி சொல்ற இத?"

"யாருக்குன்னா?"

"பஸ்ல எழுதனதெல்லாம் நீ எனக்குச் சொன்ன. நான் உனக்குச் சொன்னேன். இது யாருக்கு?"

யோசித்தேன். எதையாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அம்மாவுக்கு, ஊருக்கு, வாசகர்களுக்கு.

"யாருக்கும் இல்லடி."

"தெரியுது" என்றாள் மெதுவாக.

புத்தகம் அடுத்த வருடம் வரும். அட்டையில் இரண்டு பெயர் இருக்கும். உள்ளே முப்பத்தொரு கவிதையின் கீழும் இரண்டு பெயர். இரண்டு பேர் புத்தகமாகிவிட்டதால் கடைசிப் பன்னிரண்டையும் எடுத்துவிடலாமா என்று ஆசிரியர் கேட்டார், வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அவற்றின் கீழே மட்டும் என் பெயர் தனியாக இருக்கும்.